ஐந்தாம் பாகத்தில் வெள்ளம்

நூலகத்தில் நான் தடிமனைப் பார்த்துத்தான் புத்தகம் எடுப்பேன். மெல்லிய புத்தகம் இரண்டு நாளில் தீர்ந்துபோகும். தீர்ந்தால் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும், போனால் பேச வேண்டும். எனக்கு மனிதர்களோடு பேசப் பயம். பஸ்ஸில் "ஆள் இறக்கம்" என்று கண்டக்டரிடம் சொல்லத் துணிவில்லாமல், வேறு யாராவது இறங்கினால் கூடவே இறங்கிவிடலாம் என்று உட்கார்ந்திருப்பேன். ஒருவரும் இறங்காமல் அடுத்த நிறுத்தம்வரை போய் வெயிலில் திரும்பி நடந்திருக்கிறேன், நாற்பத்தாறு வயதில்.

அப்படித் தடிமனைப் பார்த்து எடுத்ததில் கிடைத்தவைதான் தொடர் நாவல்கள். மந்திரவாதிகளும் ராஜாக்களும் பறக்கும் விலங்குகளும் வருகிற மாய உலகக் கதைகள் ஒரு அலமாரி. நட்சத்திரங்களுக்கு இடையில் கப்பல் ஓட்டுகிற விண்வெளிக் கதைகள் இன்னொரு அலமாரி. ஒரு கதை ஏழு பாகம், ஒன்பது பாகம் என்று நீளும். யாரோ வாசித்து முடித்து நூலகத்துக்குக் கொடுத்தவை. ஆகவே சில பாகங்கள் இருக்காது. நான் வாசித்த முதல் தொடரை மூன்றாம் பாகத்தில்தான் தொடங்கினேன். அதற்கு முந்தியவை இரண்டும் இல்லை. இப்போதும் யாராவது கேட்டால் மூன்றிலிருந்து தொடங்கச் சொல்வேன். கல்யாணம் முடிந்து ஒரு வீட்டுக்குள் போவதுபோல இருக்கும். அங்கே எல்லோரும் ஏற்கெனவே சண்டை போட்டு முடித்திருப்பார்கள். யார் யாரோடு பேசுவதில்லை, எந்தப் பெயரைச் சொன்னால் யார் முகம் மாறும் என்று நாமே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் பாகத்திலிருந்து போனால் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

நான் பத்தாம் வகுப்போடு அண்டி ஆபீஸுக்குப் போனவள். முந்திரி ஆலையை எங்கள் புதுக்கடைப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். முதலில் கொட்டை உடைத்தேன், பிறகு பருப்பின் தோலை உரித்தேன், இப்போது முழுசு, பாதி, நொறுங்கல் என்று தரம் பிரிக்கிறேன். கையும் கண்ணும்தான் வேலை செய்யும், வாய்க்கு வேலை இல்லை. எனக்கு ஏற்ற இடம்.

அங்கே என் பக்கத்தில் உட்காருகிறவள் ஒருத்தியிடம் மட்டும் எனக்குப் பயம் கிடையாது. அவள் மாவட்டத்தின் அந்தக் கோடி, அஞ்சுகிராமத்திலிருந்து இங்கே கல்யாணம் கட்டி வந்தவள். புத்தகத்தைக் கையால் தொடமாட்டாள். ஆனால் நான் வாசித்த எல்லாத் தொடரும் அவளுக்குத் தெரியும். பருப்பைப் பொறுக்கிக்கொண்டே நான் மெல்லச் சொல்வேன், அவள் இடையில் கேள்வி கேட்பாள்.

"ஏட்டி, அந்தக் கப்பல்ல அண்டி ஆபீஸ் உண்டா?"

"ஆகாசத்துல போற கப்பல்ல அண்டி ஆபீஸ் எதுக்கு?"

"ஆயிரம் பேரு இருக்கான்னு சொல்லுத. வேலைக்குப் போவாண்டாமா? சும்மா சன்னல் வழியா நட்சத்திரம் பாத்துட்டு இருப்பானா?"

அவள் கேட்ட பிறகுதான் எனக்கும் அது உறைத்தது. மாய உலகத் தொடர்களில் ராஜாக்கள் விருந்து சாப்பிடுகிறார்கள், பாத்திரம் கழுவுகிறவள் ஒரு பாகத்திலும் வருவதில்லை. மந்திரம் சொல்கிறவர்களுக்கு மறுநாள் உடம்பு வலிப்பதில்லை. முந்திரிக் கொட்டை உடைத்தால் அதன் எண்ணெய் பட்டு விரல் நுனி வெந்து தோல் உரியும். மலையைப் பிளக்கிற மந்திரம் சொன்னவனுக்கு நாக்காவது புண்ணாக வேண்டாமா? அப்படிப் புண்ணாகிற தொடர் ஒன்றே ஒன்று வாசித்தேன், அதை மூன்று தடவை எடுத்தேன். முதல் பக்கத்தில் வரைபடம் போட்டிருக்கும் புத்தகங்களைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஓரத்தில் "யாரும் போகாத காடு" என்று எழுதியிருந்தால் மூன்றாம் பாகத்தில் எல்லோரும் அங்கேதான் போவார்கள். பயப்படவே தேவையில்லை. வரையாமல் விட்ட இடத்துக்குக் கூட்டிப்போகும் புத்தகம்தான் என்னைப் பயமுறுத்தும். விண்வெளிக் கதைகளில் எந்திரத்தைப் பற்றி வருகிற பக்கங்களை நான் தள்ளிவிடுவேன். குழாய் எங்கே போகிறது, தகடு எவ்வளவு கனம் என்பதெல்லாம் எனக்கு எதற்கு?

இவற்றை வாசிப்பதால் என் பயம் குறைந்ததா என்றால் இல்லை. ஆனால் அந்தக் கதைகளில் பயப்படுகிறவர்கள் பயந்துகொண்டே ஏதாவது செய்கிறார்கள். நான் பயந்தால் ஒன்றும் செய்யமாட்டேன், அடுத்த நிறுத்தம்வரை போவேன்.

நூலகத்தில் வாசகர் கருத்து எழுத ஒரு நோட்டு உண்டு. பெரும்பாலும் "மின்விசிறி ஓடவில்லை", "நல்ல சேவை" என்று இருக்கும். ஒரு நாள் நூலகர் மேடம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான் அதில் ஒரு புத்தகத்தைப் பற்றி நாலு வரி எழுதினேன். அடுத்த வாரம் எட்டு வரி. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, நடுவில் "என்னது?" என்று கேட்பதில்லை. ஆறு வருடத்தில் அந்த நோட்டு மூன்று மாறியது. வீட்டில், ஆலையில், சொந்தக்காரர் நடுவில் நான் சொல்லாத கருத்தெல்லாம் அதில்தான் கிடக்கிறது. அது போனால் எனக்குக் கருத்துச் சொல்ல வேறு இடம் இல்லை.

போன வருடம் ஏழு பாகமுள்ள ஒரு விண்வெளித் தொடரை வாசித்தேன். தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு கப்பல். மேல்தளத்தில் அதிகாரிகள், கீழ்த்தளத்தில் வேலைக்காரர்கள். நாலாம் பாகம் முழுவதும் குடிதண்ணீருக்குப் பஞ்சம், ஆளுக்கு இரண்டு குவளை. ஐந்தாம் பாகத்தில் கப்பலின் தலைவி தன் அறையில் தனியாக இருக்கிறாள். கீழ்த்தளத்திலிருந்து பேசுகிற குழாயில் ஒரு கிழவனின் குரல் வருகிறது. ஒரே ஒரு சொல். "வெள்ளம்... வெள்ளம்..." அவள் எழுந்து, ஒன்றும் பேசாமல் நெம்புகோலை இழுக்கிறாள். கீழ்த்தளத்தின் கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே நாற்பது பேர். அத்தியாயம் முடிந்தது. அடுத்த அத்தியாயம் மூன்று வருடம் கழித்துத் தொடங்குகிறது.

புத்தகத்தை மூடிவைத்தேன். என் அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த அன்று ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அம்மா கண்ணைத் திறக்காமலே "வெள்ளம், வெள்ளம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன், அதற்கும் நர்ஸ் என்னைத் திட்டினார். அந்தக் குரல்தான் குழாயில் வந்த குரல். அந்தத் தலைவியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். தாகத்தில் கேட்டவர்கள் முகத்தில் கதவைச் சாத்தியவள் இவள் என்று எழுதினேன். ஆறாம் பாகத்தில் இவளைக் கப்பலைக் காப்பாற்றியவள் என்று சிலை வைத்துக் கொண்டாடுகிறார்கள், அதிகாரத்தில் இருப்பவர்களின் பொய் மூன்றே வருடத்தில் சரித்திரமாவதை ஆசிரியர் சத்தம் போடாமல் காட்டிவிட்டார் என்றும் எழுதினேன். அந்தக் கடைசி வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நூலகர் மேடம் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து, எப்படியோ தேடிப் பிடித்து, அந்த ஆசிரியருக்கே அனுப்பிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் தலையைத்தான் ஆட்டியிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை புத்தகம் மாற்றப் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, சார் பதில் போட்டிருக்காரு. 'இந்தக் கோணத்தில் இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை, இந்த அம்மாவைச் சந்திக்க வேண்டும்'னு. அடுத்த மாசம் ஏதோ கல்யாணத்துக்கு நாகர்கோவில் வாறாரு. அப்படியே இங்க வர வச்சிருக்கேன். நீங்க பத்து நிமிசம் பேசணும்."

"ஐயோ மேடம், எனக்குப் பேச வராது."

"எழுதியிருக்கதை வாசிச்சா போதும் அக்கா."

அதற்குள் நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. என் பெயர் இதற்கு முன்னால் ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும்தான் அச்சில் வந்திருக்கிறது. வீட்டுக்காரர் கொத்தனார், அதிகம் பேசமாட்டார். நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீயா?" என்றார். பிறகு, "போய்ப் பேசு. நான் வரல்ல. என்னைக் கண்டா ஒனக்குப் பேடி கூடும்," என்றார். பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம்.

அந்த மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆலையில் முழுசையும் பாதியையும் மாற்றிப் போட்டேன். கனவில் மைக் வந்தது.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில், பேசிப் பழகுவதற்காக ஐந்தாம் பாகத்தைக் கொண்டுபோயிருந்தேன். அந்தப் பாகத்தை நான் முதலில் வாசித்த வாரம், ஆலையில் என் பக்கத்தில் உட்காரும் தோழி தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். கதையை அவளுக்கு மேலோட்டமாகச் சொன்னதோடு சரி. இப்போது அந்தப் பக்கத்தை முதல் தடவையாக அவளுக்குச் சத்தமாக வாசித்தேன். வாய்க்குள் சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"இன்னொரு மட்டம் படி. குழாயில என்ன சொல்லுதான்?"

"வெள்ளம், வெள்ளம்னு."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன? தாகிச்சு வெள்ளம் கேக்கான். இவ கதவைச் சாத்துதா."

"கேக்கான்னு அதுல போட்டிருக்கா?"

பார்த்தேன். "குரல் வந்தது" என்று போட்டிருந்தது. கேட்டான் என்று இல்லை.

அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏட்டி, நான் கட்டி வந்த மறுநாள் என்ன நடந்துன்னு சொல்லியிருக்கேம்லா. எங்க அத்த உள்ள இருந்து 'வெள்ளம், வெள்ளம்'னு கூப்பிடுதாவ. நான் சேலையைத் தூக்கிச் செருகிட்டு வாசலுக்கு ஓடுதேன், எங்கயோ குளம் ஒடஞ்சிட்டுன்னு. அவ்வொ ஒரு தம்ளர் தண்ணி கேட்டிருக்காவ. ஊரு பூரா சிரிச்சு. இந்தப் புத்தகம் எழுதுன மனுசன் புதுக்கடைக்காரனா?"

"இல்ல. வடக்க எங்கயோ."

"அப்பம் அவனுக்கு வெள்ளம்னா ஆத்துல வாற வெள்ளம்தான். கப்பலுக்குள்ள வெள்ளம் ஏறிட்டு. அந்தப் பொம்பள கதவச் சாத்தலைன்னா அம்புட்டு பேரும் செத்திருப்பான்."

நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. பத்திரிகையில் குழித்துறை ஆற்றில் வெள்ளம் என்று போட்டால் எனக்கும் அர்த்தம் தெரியும். நான் அவ்வளவு மூடம் இல்லை. ஆனால் ஆகாயத்தில் போகிற கப்பலுக்குள் வெள்ளம் எங்கிருந்து வரும் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். நான் தள்ளிவிட்ட எந்திரப் பக்கங்கள் அங்கே இருந்தன. கப்பலின் தண்ணீரையெல்லாம் சேர்த்துவைக்கும் பெரிய தொட்டி, பஞ்சம் தீர்ந்து அது மறுபடி நிறைந்தது, அதன் சுவரில் ஒரு விரிசல், அதைத் தகடு வைத்து அடைத்தது, தகடு எவ்வளவு கனம். எல்லாம் விவரமாகப் போட்டிருந்தது.

"சிலை வச்சது பொய்யில்ல, நெசம்," என்றாள் தோழி, மெதுவாக. நான் அவளுக்கு என் பெருமையான வரியையும் வாசித்துக் காட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஆசிரியர் அனுப்பிய பதில் எனக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. இந்தக் கோணத்தில் இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. ஆமாம், எப்படிப் பார்ப்பார்கள்? இந்த அம்மாவைச் சந்திக்க வேண்டும். எதற்கு? முப்பது பேருக்கு முன்னால் நிறுத்திச் சிரிக்கவா? பத்தாம் வகுப்பு படித்துவிட்டு அண்டி ஆபீஸில் இருக்கிறவளுக்கு எதற்கு விண்வெளிக் கதை என்று ஒருவர் சொன்னால் போதும், அதற்குப் பிறகு என்னால் அந்த நூலகத்துக்குள் கால் வைக்க முடியாது. நோட்டில் ஒரு வரி எழுத முடியாது. வாசிக்கும்போதே, நான் புரிந்துகொண்டது சரிதானா என்று ஒவ்வொரு பக்கத்திலும் பயப்பட வேண்டியிருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

சனிக்கிழமை, வர முடியாது என்று சொல்வதற்காகப் போனேன். காய்ச்சல் என்று சொல்ல நினைத்திருந்தேன். நூலகர் மேடம் நாற்காலிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "அக்கா, உதவிக்கு வந்தியளா? நல்லதாப் போச்சு," என்று ஒரு துணியைக் கையில் தந்தார். நான் முப்பத்திரண்டு நாற்காலியையும் துடைத்தேன். அவர் தேநீர் வாங்கப் போன நேரத்தில் நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தது. என் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிழித்தால் சத்தம் கேட்கும் என்று பயமாக இருந்தது. ஏற்கெனவே படம் எடுத்தாயிற்று, கிழித்து என்ன பயன் என்பது அப்புறம்தான் தோன்றியது. காய்ச்சலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை தோழி என்னைக் கூட்டிப்போனாள். இல்லாவிட்டால் நான் வேறு ஊரில் இறங்கியிருப்பேன். நூலகத்தின் மாடியில் கூட்டம். ஓய்வுபெற்ற வாத்தியார்கள், காலேஜ் பிள்ளைகள், பக்கத்துக் கடைக்காரர் இருவர். நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. ஆசிரியர் என் வயதுள்ள மனிதர், வெள்ளைச் சட்டை, கண்ணாடி. என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். கிண்டலா மரியாதையா என்று தெரியவில்லை. எனக்குக் காது அடைத்துப்போயிருந்தது.

முதலில் அவர்தான் பேசினார். கொஞ்ச நேரத்தில் என்னைப் பற்றித் தொடங்கிவிட்டார்.

"இந்த அம்மா என் ஐந்தாம் பாகத்தைப் பற்றி எழுதியதில் ஒரு சொல் இருக்கிறது. தாகம். நான் எழுதியது வெள்ளத்தைப் பற்றி. வெள்ளத்தில் சாகப் போகிறவர்களைப் பார்த்து, தாகத்தில் கேட்டவர்கள் என்று இவர் எழுதுகிறார். விடுதலைத் தாகம். சுற்றிலும் தண்ணீர், ஆனால் அவர்களுடைய தாகம் தீரவில்லை. எனக்கே தெரியாமல் நான் எழுதிய கதை இது. இந்த ஒரு சொல்லை வைத்து நான் மூன்று ஊரில் பேசிவிட்டேன்."

கை தட்டினார்கள். நூலகர் மேடம் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். மூன்றாவது வரிசையில் தோழி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

சிரிக்கப்போகிறார்கள் என்றுதான் பயந்திருந்தேன். இது அதைவிட மோசமாக இருந்தது. இப்போது நான் எழுந்து தலையை ஆட்டிவிட்டு, எழுதியதை வாசித்துவிட்டு உட்கார்ந்தால் போதும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் பெரிய வாசகியாகிவிடுவேன். ஆனால் அந்தக் கருத்து என்னுடையதில்லை. அவருடையது. அடுத்த தடவை நோட்டைத் திறக்கும்போது, விடுதலைத் தாகம்போல ஒன்றை என்னிடம் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அது வராது.

மைக்கைக் கையில் தந்தார்கள். கனமாக இருந்தது. எழுதிவைத்திருந்த காகிதத்தைப் பார்த்தேன், எழுத்து ஓடியது. வாயைத் திறந்தபோது வீட்டில் பேசுகிற பேச்சுதான் வந்தது.

"சார், தாகம்னா தாகம்தான். குடிக்கதுக்கு."

அவர் புரியாமல் தலையைச் சாய்த்தார்.

"எங்களுக்கு வெள்ளம்னா குடிக்கிற தண்ணி சார். குழாயில வெள்ளம்னு சொன்ன ஒடனே, அவ்வொ குடிக்க வெள்ளம் கேக்காவன்னு நான் வாசிச்சேன். தலைவி குடுக்காம கதவச் சாத்துனான்னு நெனச்சு எழுதிட்டேன். வேற ஒண்ணும் யோசிக்கல்ல. நேத்து முந்தாநாள்தான் எனக்க கூட்டுக்காரி சொன்னா. எனக்குத் தப்புப் பற்றிப்போச்சு."

பின்வரிசையில் ஒரு வாத்தியார் குபீரென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு மாடி முழுக்கப் பரவியது. என் காதுக்குள் சூடு ஏறியது. அடுத்தடுத்துக் குரல்கள்.

"சரிதானே? வெள்ளம் கோரிட்டு வான்னா எவனாவது ஆத்து வெள்ளத்தையா கோரிட்டு வருவான்?"

"சார், நாகர்கோவிலுக்குக் கிழக்க உள்ளவருக்குத்தான் இது புரியாது."

"கிழக்க உள்ளவனைச் சொல்லாதயும். நாங்க ஒழுங்காத்தான் பேசுதோம்."

"நீரு பேசுததுக்கு ஒரு நோட்ஸ் வேணும் வேய்."

நூலகர் மேடம் மேசையைத் தட்டி அமைதிப்படுத்தினார். ஆசிரியரைப் பார்க்கப் பயந்து மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தேன். அவர் முகம் சிவந்துபோயிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று ஊரில் பேசிவிட்டேன் என்று சற்று முன்னால்தானே சொன்னார். அவரும் என் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் எங்கேயோ போயிருக்கிறார். அதைச் சொல்லிக் காட்டுகிற துணிவு எனக்கு இல்லை. பாவமாக இருந்தது. கூடவே, இவர் கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயமும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார். "சரிம்மா. இப்போது அது வெள்ளம்தான் என்று தெரிந்துவிட்டது. தலைவியைப் பற்றி எழுதினீர்களே, அந்தக் கருத்தை மாற்றிக்கொள்கிறீர்களா?"

மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்காரலாம். நாக்கு அதற்குத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து இரண்டு நாள் நான் அந்தப் பக்கத்தைத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை. பயத்தில் அதைப் பத்துத் தடவை வாசித்திருந்தேன்.

"சிலை வச்சது பொய்னு எழுதுனதை மாத்தணும் சார். அது தப்பு," என்றேன். "கதவு விசயத்துல மாத்தல்ல."

"ஏன்? சாத்தியிருக்காவிட்டால் ஆயிரம் பேர் செத்திருப்பார்கள்."

"அவளுக்கு அது எப்படித் தெரியும்? குழாயில ஒரு சொல்லுதான் வந்தது. ஒரே ஒரு சொல்லு. என்னது, எங்க, எத்தன பேரு இருக்கியன்னு அவ ஒண்ணும் திருப்பிக் கேக்கல்ல. நானும் கேக்காமத்தான் எழுதுனேன். ஆனா நான் எழுதுனதுல ஒருத்தரும் சாகல்ல."

கொஞ்சம் சிரிப்பு எழுந்தது, ஆனால் இந்தத் தடவை என் காது சூடாகவில்லை.

"கேட்க நேரம் இல்லையம்மா. ஒரு நொடி."

"அப்போ அந்த நொடியை எழுதணும் சார். கேக்கலாமா வேண்டாமான்னு அவ பேடிச்சாளா இல்லியான்னு எழுதணும். நீங்க தொட்டியையும் தகடையும் ரெண்டு பக்கம் எழுதியிருக்கிய. இவ கையை நெம்புகோல்ல வச்ச ஒடனே அடுத்த பக்கத்துல மூணு வருசம் தாண்டிப் போயிட்டிய. தொடர்கதை எழுதுகவிய எல்லாம் இதைச் செய்யிய. கஷ்டமான எடம் வந்தா வருசத்தைத் தாண்டிருவிய. நாங்க வாசிக்கதே அந்த வருசத்துக்குத்தான்."

இவ்வளவு நீளமாக நான் வெளியாட்களிடம் என் வாழ்நாளில் பேசியதில்லை. மூச்சு வாங்கியது. மேசையோடு ஒட்டி நின்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நோட்டீஸின் பின்பக்கத்தைத் திருப்பிவைத்துக்கொண்டார். "அந்த மூன்று வருடத்தில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். குரலில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்த மாதிரித் தெரியவில்லை, ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

நான் அதைப் பற்றி ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. கையில் காகிதமும் இல்லை, எப்போதோ கீழே விழுந்திருந்தது. பயம் அப்படியே இருந்தது. தோழியைப் பார்த்தேன். ஆலையில் கதை கேட்கும்போது செய்வதுபோல, "ம், பிறகு?" என்று தலையை ஆட்டினாள்.

"மொத வருசம்," என்றேன். மைக்கை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன். "மொத வருசம் அவ ராத்திரி பகல் குழாய் பக்கத்துல போயிருக்க மாட்டா சார். வேற ஆளை வச்சிருப்பா கேக்கதுக்கு. அந்த ஆளு யாருன்னா, கீழ்த்தளத்துல வேலைக்குப் போயிட்டு அன்னைக்கு மட்டும் லீவு போட்ட ஒரு பொம்பள..."

அவர் எழுதத் தொடங்கினார். நான் அந்தப் பொம்பளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனேன்.